ட்சுபா வாங்கப் போகிறீர்களா? ஜப்பானிய வாள் கைக்காப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய வாளில் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு உலோகத் தட்டு இருக்குமே, அதுதான் ட்சுபா. பதினோரு வருஷமாக இதைச் சேர்க்கிறேன், மொத்தமே 9 தான் இருக்கிறது, அதில் இரண்டு ஏமாந்து வாங்கியவை. வீட்டுக்கு வருகிறவர்கள் ஒன்றைக் கையில் எடுத்தவுடன் கேட்பதையும், புதிதாக வாங்க நினைக்கிறவர்கள் கேட்பதையும் இங்கே சேர்த்துப் போட்டிருக்கிறேன். பெரிய வரிசையெல்லாம் கிடையாது, வேண்டியதைப் படித்துக்கொள்ளுங்கள்.

இது எதற்கு? எதிரியின் வெட்டைத் தடுக்கவா?

கைக்காப்பு என்று பெயர் வைத்துவிட்டதால் எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். கொஞ்சம் உண்மைதான், இரண்டு பேர் வாளோடு வாள் உரசி நெருக்கி நிற்கும்போது ட்சுபாவும் ட்சுபாவும் முட்டிக்கொள்ளும், ஜப்பானிய மொழியில் அதற்கு ட்சுபாசெரிஆய் என்று பெயர், இன்றைக்கும் தேர்தலிலோ விளையாட்டிலோ இரண்டு தரப்பு சரிக்குச் சரியாக மோதினால் அந்தச் சொல்லைத்தான் போடுகிறார்கள். ஆனால் அதைவிட முக்கியமான வேலை, உங்கள் கையை உங்கள் வாளிடமிருந்தே காப்பாற்றுவது. குத்தும்போது வியர்த்த கை வழுக்கி அலகின் மேல் ஏறிவிடக் கூடாது. அப்புறம் எடை. கைக்குப் பக்கத்தில் இந்தத் தட்டு உட்காருவதால் வாளின் கனம் முனைப் பக்கம் இழுக்காமல் கைப்பக்கம் வருகிறது. இன்னொன்றும் உண்டு: உறைக்குள் இறுக்கமாக இருக்கும் வாளை உருவுவதற்கு முன்னால் இடது கைக் கட்டைவிரலால் ட்சுபாவின் விளிம்பை ஒரு நெட்டு நெட்டுவார்கள், வாள் கொஞ்சம் வெளியே வந்து தளரும், அதற்குப் பிறகுதான் உருவுவது.

எவ்வளவு பெரிது?

கத்தானா என்கிற பெரிய வாளுக்கு ஏறக்குறைய 7.5 முதல் 8.5 செ.மீ. குறுக்களவு. துணை வாளான வகிசாஷிக்கு இன்னும் சின்னது. கனம் பெரும்பாலும் 4, 5 மி.மீ. வட்டம்தான் அதிகம், நான்கு இதழ் மாதிரி நெளிந்த மொக்கோ வடிவம் அடுத்தது, சதுரமும் உண்டு.

நடுவில் எதற்கு இத்தனை துளை?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் ஒரு ட்சுபாவின் ஜாதகமே அந்தத் துளைகளில்தான் இருக்கிறது. நட்டநடுவில் ஆப்பு மாதிரி இருக்கும் துளை நகாகோ அனா. வாளின் வால்பகுதி, அதாவது பிடிக்குள் போகும் பகுதி, அதன் வழியாகத்தான் நுழையும். கூரான முனை வெட்டும் பக்கம், தட்டையான அடி வாளின் முதுகுப் பக்கம். முனை மேலே இருக்கும்படி முன்பக்கத்தைப் பார்த்தால் இடது பக்கம் அரைநிலா மாதிரி ஒரு துளை இருக்கலாம், அது கொஸுகா என்ற சிறு கத்தி உறையிலிருந்து வந்து போக. வலது பக்கம் மூன்று குமிழாகத் தெரிவது கோகாய் என்ற, கொண்டை ஊசி மாதிரியான ஒரு பொருளுக்கு. இரண்டும் இல்லாத ட்சுபாவும் உண்டு, ஒன்று மட்டும் உள்ளதும் உண்டு, குறை கிடையாது.

நடுத்துளைக்கு வாருங்கள். எந்த இரண்டு வாளின் வாலும் ஒரே அளவில் இருக்காது. அதனால் ஒரு ட்சுபாவை இன்னொரு வாளுக்கு மாற்றும்போது துளையை அரத்தால் பெரிதாக்குவார்கள், அல்லது சுற்றியுள்ள இரும்பை உளியால் அடித்து உள்ளே தள்ளிச் சின்னதாக்குவார்கள், அல்லது மேலும் கீழும் செம்புத் துண்டு வைத்து அடைப்பார்கள். செம்பு மெத்தென்றிருப்பதால் வாலைக் கீறாது, ஆடாமலும் பிடித்துக்கொள்ளும். அந்தத் துண்டுக்கு செகிகானே என்று பெயர்.

என்னிடம் இருப்பதில் எனக்குப் பிடித்தது பெயர் பொறிக்காத ஒரு இரும்பு மொக்கோ. நாணல், இரண்டு காட்டு வாத்து, நாணலின் நுனியில் மட்டும் தங்கம். அழகு என்று பார்த்தால் சுமார்தான். ஆனால் நடுத்துளையைச் சுற்றிப் பாருங்கள்: மேலே ஒரு செம்புத் துண்டு, அதுவே ஒரு பக்கம் அரத்தால் தேய்க்கப்பட்டிருக்கிறது, கீழே இடது ஓரத்தில் மூன்று உளிக்குறி, நெல்மணி அளவு, வலது ஓரத்தில் வேறு உளியால் அடித்த இரண்டு குறி, அது பிறைநகம் மாதிரி. ஒரே நாளில் ஒரே கை அடித்ததில்லை. குறைந்தது இரண்டு வாளிலாவது இது இருந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நாணலையும் வாத்தையும் விட நான் அதிகம் பார்த்திருப்பது அந்த ஐந்து குறிகளைத்தான்.

ஓரத்துத் துளைகளை உலோகம் போட்டு அடைத்திருக்கிறார்களே, பழுதா?

இல்லை. சிறு கத்தி இல்லாத உறைக்கு மாற்றும்போது அந்தக் காலத்திலேயே அடைத்தது. ஈயம், செம்பு, சில நேரம் தங்கம் கூட. தோண்டி எடுத்துவிடாதீர்கள்.

என்ன உலோகம்? எல்லாமே இரும்பா?

பழையது பெரும்பாலும் இரும்பு. அதிலும் நல்ல பழைய இரும்பின் நிறம் கறுப்பு இல்லை, கறுப்பில் ஊதாவும் காப்பிப்பழுப்பும் கலந்த ஒரு நிறம், எண்ணெய் தடவாமலே ஈரமாக இருக்கிற மாதிரி ஒரு மினுக்கம். நிறைய பேர் கையில் தேய்ந்து தேய்ந்து வந்தது அது. சில ஊர்க்காரர்களின் ட்சுபாவில், குறிப்பாக ஓவாரிப் பக்கம் (இன்றைய நகோயா பகுதி) செய்தவற்றில், விளிம்பில் விரலை ஓட்டினால் கட்டி கட்டியாகத் தட்டுப்படும். துருப்பிடித்துப் புடைத்தது என்று நினைத்து ராவிவிட்டவர்கள் உண்டு, ஐயோ. இரும்பில் கடினமான பகுதிகள் தேயாமல் எழும்பி நிற்பது அது, தெக்கோட்சு என்பார்கள், இரும்பின் எலும்பு என்று அர்த்தம், சேகரிக்கிறவர்கள் அதைத் தேடிப் போய் வாங்குவார்கள்.

அடுத்தது ஷாக்குடோ. என்னைக் கேட்டால் ஜப்பானியக் கம்மியர்களின் கெட்டிக்காரத்தனம் முழுக்க இதில்தான். செம்பில் சில சதவீதம் தங்கம் சேர்த்து உருக்கியது. உருக்கி எடுத்தவுடன் பார்த்தால் சாதாரணச் செம்பு போலத்தான் சிவந்து இருக்கும், தங்கம் போட்டதே வீண் என்று தோன்றும். வேலையெல்லாம் முடித்த பிறகு அதை நன்றாகச் சுத்தம் செய்து, துருவிய முள்ளங்கிச் சாறில் தோய்த்து, செம்பு உப்புகள் கரைத்த கொதிநீரில் போட்டு அசைத்துக்கொண்டே இருப்பார்கள். சிவப்பு மெல்ல மெல்ல இருண்டு கடைசியில் காக்கைச் சிறகில் வெயில் பட்டால் தெரியுமே, அந்த நீலக் கறுப்பு வரும். சாயமில்லை, உலோகத்தின் மேல்தோலே அப்படி மாறுகிறது. அதே தொட்டியில் அதே நேரம் போட்டாலும் தங்கம் தங்கமாகவே இருக்கும், வெறும் செம்பு வேறு சிவப்பாகும், அதனால் ஒரு சின்னத் தட்டில் நான்கு ஐந்து நிறம் கொண்டுவர முடிந்தது.

ஷிபுஇச்சி என்றால் நாலில் ஒன்று. செம்போடு கால்பங்கு வெள்ளி என்று பெயரிலேயே கணக்கு, நடைமுறையில் கூடக் குறைய இருக்கும். சாம்பல் நிறம். சென்தோக்கு ஒரு வகைப் பித்தளை, சீனாவின் மிங் அரசர் ஷுவாந்தே காலத்துப் பாத்திரங்களின் பெயரால் வந்தது.

கறுப்புத் தட்டு முழுக்க மணிமணியாக இருக்கிறதே, அச்சில் அடித்ததா?

அச்சில்லை. ஒவ்வொன்றும் ஒரு அடி. அதற்கு நானாகோ என்று பெயர், மீன் சினை என்றுதான் எழுதுகிறார்கள், பார்த்தால் நீங்களே அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள். நுனியில் கிண்ணக்குழி உள்ள உளியை வைத்து ஒரு தட்டு, ஒரு மணி. பக்கத்தில் இன்னொரு தட்டு. ஒரு மணி ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே, ஒரு தட்டில் ஆயிரக்கணக்கில். வரிசை கோணக் கூடாது, ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. இதை மட்டுமே செய்யத் தனி ஆட்கள் இருந்தார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் நல்ல வேலையில் எல்லா மணியும் ஒரே உயரத்தில் உருண்டு நிற்கும், மட்டமான வேலையில் சில மணிகள் மொட்டை. கோட்டைக்குள் அதிகாரபூர்வ உடையில் போகிற சாமுராய்க்கு இந்த மாதிரி ஷாக்குடோ நானாகோ அணிகலன்தான் முறையானது.

தங்கத்தை எப்படி இரும்பில் ஒட்டினார்கள்?

ஒட்டவில்லை, கடிக்க வைத்தார்கள். நுனோமே என்ற முறையில் இரும்பின் மேல் உளியால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடு கீறுவார்கள், துணி நெசவு மாதிரி தெரியும், நுனோமே என்றாலே துணியின் நெய்வுதான். அதன் மேல் தங்கத் தகட்டை வைத்துத் தட்டினால் அந்தக் கீறல்கள் பிடித்துக்கொள்ளும். தங்கம் தேய்ந்து போன இடத்தில் அந்தப் பின்னல் கோடு வெளியே தெரிந்தால் சந்தோஷப்படுங்கள், நல்ல அறிகுறி. இன்னொரு முறை, இரும்பிலேயே பள்ளம் தோண்டி, பள்ளத்தின் அடியை வாயைவிட அகலமாக்கி, அதில் தங்கத்தை அடித்து இறக்குவது. அது சுலபத்தில் விழாது.

என்னிடம் உள்ளது எந்தக் காலத்தது என்று எப்படித் தெரியும்?

விற்கிறவர் எல்லாவற்றையும் முரோமாச்சி காலம் (14 முதல் 16ஆம் நூற்றாண்டு) என்பார். சந்தையில் கிடைப்பதில் பெரும் பகுதி எடோ காலத்தது, அதாவது 1603க்குப் பிறகு, அதிலும் 18, 19ஆம் நூற்றாண்டு. நாட்டில் சண்டை ஓய்ந்து, வாள் என்பது இடுப்பில் தொங்குகிற கௌரவமாக மாறிய காலம். காசு, நேரம், போட்டி மூன்றும் அலங்காரத்துக்குப் போனது. அதற்கு முந்தையவை பொதுவாக மெல்லிய தட்டையான இரும்பு, ஒன்றிரண்டு சின்ன வெட்டுத்துளை (உருவம் தெரிய வெட்டியெடுத்த துளை), அவ்வளவுதான், வாள் செய்த கொல்லரோ கவசம் செய்தவரோ கூடச் சேர்த்துச் செய்து கொடுத்தது என்று மரபாகச் சொல்வார்கள்.

முடிவு திடீரென்று வந்தது. 1876 மார்ச்சில் மெய்ஜி அரசு, ராணுவம், போலீஸ், அரசு விழா உடையில் இருப்பவர்கள் தவிர வேறு யாரும் பொது இடத்தில் வாள் அணியக் கூடாது என்று உத்தரவு போட்டது. அத்தனை கம்மியர்களுக்கும் பிழைப்பு போனது. வெளிநாட்டுக்காரர்களுக்கு ஜாடி, தட்டு, பெட்டி என்று செய்யத் திரும்பினார்கள். கானோ நட்சுவோ என்பவர் (1828–1898) வாள் அணிகலன் செய்து வந்தவர், புதிய மெய்ஜி நாணயங்களின் வடிவமைப்பு அவர் கைக்குப் போனது. வாளில் ஏறவே ஏறாத, வெள்ளைக்காரர்களுக்கு விற்பதற்கென்றே செய்த, அலங்காரம் அள்ளித் தெளித்த ட்சுபாக்களும் அப்போது நிறைய வந்தன. அவற்றின் நடுத்துளை பளிச்சென்று சுத்தமாக இருக்கும்.

எந்தக் கலைஞர்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்?

எல்லாரையும் சொன்னால் தலை சுற்றும், எனக்கே சுற்றும். கோத்தோ குடும்பத்திலிருந்து தொடங்குங்கள். கோத்தோ யூஜோ (1440–1512) நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகன் அஷிகாகா யொஷிமாசாவிடம் வேலை பார்த்தவர், அவருக்குப் பின் தலைமுறை தலைமுறையாக அதிகாரத்தில் உள்ளவர்களுக்கே செய்தார்கள், பெரிய தங்க நாணயம் செய்யும் உரிமையும் அந்தக் குடும்பத்தில் இருந்தது. ஷாக்குடோ, நானாகோ, தங்கம், எல்லாம் முறைப்படி. எனக்குக் கொஞ்சம் கல்யாண ரிசப்ஷன் மாதிரி படும், குறை சொல்ல ஒன்றும் இருக்காது, பக்கத்தில் உட்கார்ந்து பேசவும் தோன்றாது.

அந்த முறைமையை உடைத்தவர்கள் எடோ நகரத்துக்காரர்கள் (இன்றைய டோக்கியோ). யொகோயா சோமின் (1670–1733) உளியைத் தூரிகை மாதிரி சாய்த்துப் பிடித்து, ஒரு பக்கம் ஆழமும் ஒரு பக்கம் மேலோட்டமுமாகக் கோடு இழுத்தார், உலோகத்தில் மை ஓவியம் போட்ட மாதிரி. அதே வருஷம் பிறந்த சுச்சியா யசுச்சிகா நாரா என்ற கம்மியர் வழியைச் சேர்ந்தவர், அவருடைய வேலையில் கொஞ்சம் குறும்பு இருக்கும்.

இரும்பில் முதல் முதலாக மலை, ஆறு, தோணி என்று நிலக்காட்சியே கொண்டுவந்தவர் ஃபுஷிமி ஊரின் கானேஇயே. இரும்பின் உடம்பையே அழகாக்கியவர் நொபுஇயே. இந்த இரண்டு பேர் பெயரையும் உங்கள் ட்சுபாவில் பார்த்தால் குதிக்காதீர்கள், இவர்கள் பெயரைத்தான் அதிகம் போலி போட்டிருக்கிறார்கள்.

என் மனசு போவது ஹிகோ பக்கம், இன்றைய குமாமோட்டோ. அந்த நாட்டை ஆண்ட ஹொசோகாவா குடும்பத்தின் சன்சாய் (1563–1646) தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூவின் நேரடிச் சீடர். போரும் தெரியும், சும்மா இருக்கவும் தெரியும். அவருடைய ரசனையின் நிழலில் வளர்ந்த கம்மியர்கள் வெற்றிடத்தைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள். ஹயாஷி மத்தாஷிச்சி துப்பாக்கி செய்த குடும்பம், இரும்பில் அவர் தங்கம் பதித்த விதத்தைப் பார்த்தால் தங்கமே கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்கிற மாதிரி இருக்கும். வாள்வீரர் மியமோத்தோ முசாஷி 1640இல் இதே ஹொசோகாவாக்களிடம் வந்து சேர்ந்து, 1645இல் அங்கேயே இறந்தார். அவர் பெயரில் வழங்கும் ஒரு வடிவம் இருக்கிறது: இடமும் வலமும் இரண்டு கடல் அட்டை, அவ்வளவுதான், மிச்சமெல்லாம் வெட்டியெடுத்தாயிற்று. கையில் பிடித்தால் எடையே இல்லாத மாதிரி இருக்கும்.

படங்களுக்கு அர்த்தம் உண்டா?

சிலவற்றுக்கு உண்டு. தும்பி அடிக்கடி வரும், ஜப்பானில் அதற்கு வெற்றிப் பூச்சி என்று ஒரு பெயர், பின்வாங்காமல் முன்னாலேயே பறக்கிறது என்பது வீரர்களுக்குப் பிடித்த காரணம். சிலவற்றுக்கு அர்த்தம் தேடாதீர்கள், கத்தரிக்காய் கத்தரிக்காய்தான்.

நமக்குத் தெரிந்த ஒருவரும் வருவார். தாடியும் முறைத்த கண்ணுமாகப் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தால் அது தாருமா, அதாவது போதிதர்மர். தென்னிந்தியாவிலிருந்து சீனா போனவர் என்பது மரபு, காஞ்சிபுரம் என்று நம் பக்கம் சொல்வது. நாணல் தண்டின் மேல் நின்று ஆற்றைக் கடப்பது போலவும் செய்திருக்கிறார்கள். இன்னும் சில ட்சுபாவில் புரியாத எழுத்து இருக்கும், ஜப்பானிய எழுத்து மாதிரியும் இருக்காது. சமஸ்கிருத மந்திர எழுத்துகள் அவை, சித்தம் என்ற பழைய இந்திய எழுத்துமுறை, பௌத்தத்தோடு அங்கே போய் நிலைத்தது.

நன்பான் ட்சுபா என்கிறார்களே?

நன்பான் என்றால் தெற்கத்திக் காட்டுமிராண்டி. போர்ச்சுக்கீசியர்களையும் அவர்களோடு வந்த சரக்கையும் அப்படிச் சொன்னார்கள். கொடி கொடியாகப் பின்னி, நடுவில் மணியைத் துரத்தும் இரண்டு டிராகன், இரும்பைக் குடைந்து குடைந்து செய்தது. பாதிக்கு மேல் சீன வடிவம்தான். இதே கடல்வழியில்தான் நம் சோழமண்டலக் கரையின் கோடுபோட்ட பருத்தித் துணியும் ஜப்பான் போனது, அதற்கு அங்கே சந்தோமே என்று பெயர், மயிலாப்பூர் சாந்தோம்தான். நன்பான் ட்சுபா பலருக்குப் பிடிக்கும், எனக்கு மூச்சு முட்டும்.

பெயர் பொறித்திருந்தால் மதிப்பு அதிகமா?

உண்மையான பெயராக இருந்தால். பெயர் இல்லாததற்கு முமேய், பொய்ப் பெயருக்கு கிமேய். ஏற்கெனவே இருந்த நல்ல, பெயரில்லாத இரும்பில் பிற்காலத்தில் பெரிய பெயரைக் கொத்தி நாசம் பண்ணியதுதான் பார்க்க வேதனை. ஹிகோவிலும், வெட்டுத்துளை வேலை செய்த பழைய இரும்புக் கம்மியர்களிலும் பெரும்பாலோர் பெயரே பொறிக்கவில்லை. ஹிகோனே ஊரின் சோதென் பெயர் இருந்தால் பத்துக்கு ஒன்பது பிற்காலத்தவர்களுடையது என்று எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள், சின்னச் சின்ன மனிதர்கள் கூட்டமாக நிற்கிற அந்தப் பாணியை ஆளாளுக்குக் காப்பியடித்தார்கள்.

சான்றிதழ் என்கிறார்களே, அது வேண்டுமா?

1948இல் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம், டோக்கியோ ரியோகோகுவில் அவர்களுடைய வாள் அருங்காட்சியகம் இருக்கிறது. அவர்கள் துண்டை நேரில் பார்த்து ஹொசோன், தொகுபெட்சு ஹொசோன் என்று தாள் கொடுப்பார்கள், அதற்கு மேலே ஜூயோ, தொகுபெட்சு ஜூயோ. முதல் தாள் என்றால் இது பாதுகாக்கத் தக்க நிஜச் சரக்கு, இன்ன வழியைச் சேர்ந்தது என்று அர்த்தம். 1982க்கு முன்னால் வேறு வகைத் தாள்கள் இருந்தன, அவற்றில் சிலவற்றை இன்றைக்கு யாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை, எனவே தாளின் தேதியைப் பாருங்கள். தாளில் ஒட்டியிருக்கும் படமும் கையில் உள்ள துண்டும் ஒன்றுதானா என்று துளைக் குறிகளை வைத்து ஒப்பிடுங்கள். புதியவர்களுக்குத் தாள் உதவும். ஆனால் தாளை வாங்கிவிட்டு ட்சுபாவைப் பார்க்காமல் இருக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

என் முதல் ட்சுபாவின் கதையைச் சொல்கிறேன். இணைய ஏலம். படத்தில் டிராகன், மேகம், தங்கம் என்று அமர்க்களம், எடோ காலம், சாமுராய் குடும்பத்துச் சொத்து என்று விற்றவர் எழுதியிருந்தார். கையில் வந்ததும் டிராகனின் செதில் பாதி கரைந்த சோப்புக்கட்டி மாதிரி மழுங்கி இருந்தது. உளி பட்ட இடத்தில் விளிம்பு கூராக நிற்க வேண்டும், தேய்ந்திருந்தாலும் உயர்ந்த இடத்தில்தான் தேயும், பள்ளத்துக்குள் மழுங்காது. பிறகு வெட்டுத்துளைக்குள் டார்ச் அடித்தேன், உள்சுவரின் நடுவில் சுற்றிலும் தலைமுடி மாதிரி ஒரு கோடு, அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த தடம். ஊசிமுனைக் குழிகள் வேறு, உருக்கி ஊற்றியபோது காற்று நின்ற இடம். கடைசியாக நடுத்துளை: ஒரு கீறல் இல்லை, ஒரு உளிக்குறி இல்லை. வாளைக் கண்ணால் கூடப் பார்க்காத ட்சுபா.

காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். துத்தநாகக் கலவையில் வார்த்த பொம்மைச் சரக்கைப் பிடிக்க அது போதும், வார்ப்பு இரும்புப் போலியைக் காட்டிக்கொடுக்காது, அதுவும் காந்தத்தில் ஒட்டும். நூலில் தொங்கவிட்டு லேசாகத் தட்டினால் அடித்து உருவாக்கிய இரும்பு கணீரென்று நீளமாக ஒலிக்கும் என்பது பழைய வழி. நானும் தட்டுவேன், ஆனால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்க மாட்டேன்.

விலை?

பெயரில்லாத, பிற்கால எடோ சாதாரண இரும்பு சில பத்தாயிரம் யென்னுக்குக் கிடைக்கும். தாள் உள்ளது, நல்ல வழி, நல்ல நிலை என்றால் லட்சத்தைத் தாண்டும். பெரிய பெயர்கள் கார் விலை, வீட்டு விலை. தீயில் வெந்து மேல்தோல் போனது, விளிம்பு விரிசல் விட்டது, யாரோ பாலிஷ் போட்டது எல்லாம் மலிவாக வரும், மலிவாகவே இருக்கட்டும், விடுங்கள்.

வாள் இல்லாமல் ட்சுபா மட்டும் எப்படி இவ்வளவு இருக்கிறது?

வாளின் உடை மாதிரி இது. ஒரே அலகுக்கு வீட்டுக்கு ஒன்று, விசேஷத்துக்கு ஒன்று என்று மாற்றிப் போட்டார்கள். பிறகு 1876 வந்தது, வெளிநாட்டார் கூடை கூடையாக வாங்கிப் போனார்கள், அதனால்தான் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட், ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் எல்லாவற்றிலும் பெரிய தொகுப்புகள். மெட்ரோபாலிட்டன் 2017 முதல் உரிமை தீர்ந்த பொருட்களின் நல்ல படங்களை இலவசமாகவே விட்டிருக்கிறது, பத்து ரூபாய் செலவில்லாமல் கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம். ஜப்பானில் அலகுள்ள வாளுக்குப் பதிவுச் சீட்டு வேண்டும், தனி ட்சுபாவுக்கு வேண்டாம்.

துருப்பிடித்திருக்கிறது, எப்படித் துலக்குவது?

துலக்காதீர்கள்.

சரி, விளக்கமாகச் சொல்கிறேன். நான் ஒரு ஷாக்குடோவை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "என்னடா இப்படிக் கறுத்துக் கிடக்கு, புளி போட்டு ஒரு தேய் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும்" என்றார். பளபளவென்று ஆகியிருக்கும்தான். முள்ளங்கிச் சாறும் கொதிநீருமாக ஒருவர் கொண்டுவந்த கறுப்பு போய், உள்ளே இருக்கும் செம்பு வந்து நின்றிருக்கும். புளி, எலுமிச்சை, விபூதி, பித்தளை பாலிஷ், கம்பி நார், துரு நீக்கி, எதுவும் கிட்டே வரக் கூடாது. ஷாக்குடோவையும் வெள்ளி பதித்ததையும் மெத்தென்ற துணியால் தூசி தட்டினால் போதும்.

இரும்பில் கறுப்புத் துரு தோல், அதை விடுங்கள், அதுதான் இரும்பைக் காப்பது. செம்மண் நிறத்தில் பொடியாக உதிரும் சிவப்புத் துருதான் எதிரி. அதற்கு மான் கொம்புத் துண்டையோ எலும்பையோ உளி மாதிரி சீவி, அந்த இடத்தில் மட்டும் மெல்லச் சுரண்டுவார்கள், இரும்பைவிட மென்மையானது என்பதால் துரு போகும், அடித்தோல் நிற்கும். நான் ஒரு துளி எண்ணெய் தொட்டு, மூங்கில் குச்சியால், தினமும் ஐந்து நிமிஷம், மூன்று மாதம் செய்தேன். அப்புறம் சும்மா பருத்தித் துணியால் தேய்த்துக்கொண்டே இருங்கள், டிவி பார்க்கும்போது கூட. நம் ஊர் உப்புக்காற்றுக்கும் விரல் வியர்வைக்கும் இரும்பு ஒரே நாளில் சிவக்கும், எனவே கை கழுவித் துடைத்துவிட்டு விளிம்பில் மட்டும் பிடியுங்கள். மரப்பெட்டி, துணி, கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம். பிவிசி கவரில் போட்டு மூடாதீர்கள், அது விடும் வாயு உலோகத்தைத் தின்னும்.

செப்பா என்று ஏதோ கூட வந்திருக்கிறது, அது என்ன?

ட்சுபாவின் இரு பக்கமும் வைக்கிற மெல்லிய வாஷர், வாள் ஆடாமல் இறுக்க. ட்சுபாவில் நடுத்துளையைச் சுற்றி வேலைப்பாடில்லாத முட்டை வடிவ இடம் அதற்காகத்தான், பெயர் பொறிப்பதும் அங்கேதான். செப்பா முழுக்க நெருக்கி அடைத்துவிட்டால் வாளை அசைக்க முடியாது, இன்றைக்கும் ஜப்பானியர்கள் வேறு வழியில்லாமல் மாட்டிக்கொண்டால் "செப்பா நெருக்கிவிட்டது" என்றுதான் சொல்கிறார்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முதல் ட்சுபாவாக எதை வாங்கலாம்?

பெயரில்லாத இரும்பு, வெட்டுத்துளை வேலை, ஹொசோன் தாளோடு. தங்கம் வேண்டாம், டிராகன் வேண்டவே வேண்டாம். விற்கிறவரிடம் ஐந்து படம் கேளுங்கள்: இரண்டு பக்கமும் பகல் வெளிச்சத்தில், விளிம்பு பக்கவாட்டில், நடுத்துளை இரு பக்கமும் தெரிய மிக நெருக்கமாக. முன்பக்கப் படத்தை உடனே அனுப்புவார்கள். நடுத்துளையைக் கேட்டவுடன் பதில் வராமல் போனால் அடுத்த கடையைப் பாருங்கள்.